தோப்புக்கும் வீட்டுக்கும் கேமராக் காவல்
இணையத்தில் இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் முந்திரியும் பலாவும் முக்கியமான பயிர்கள். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி வீசிய தானே புயலில் இப்பகுதியின் பழைய மரங்கள் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. அதற்குப் பின் விவசாயிகள் கடன் வாங்கி நிலத்தைச் சீர் செய்து, புதிய ஒட்டுக் கன்றுகளை நட்டு, பல ஆண்டுகள் பொறுத்திருந்து மீண்டும் தோப்பை ஆளாக்கியிருக்கிறார்கள். அப்படி வளர்த்த மரத்தின் பலன் அறுவடைக்கு முந்தின இரவில் களவு போனால் அந்த நஷ்டத்தை எளிதில் தாங்க முடியாது.

முந்திரிக் கொட்டை உதிரும் பங்குனி, சித்திரை மாதங்களிலும், பலா முற்றும் கோடை மாதங்களிலும் தோப்புக்குக் காவல் தேவைப்படுகிறது. மற்ற மாதங்களிலும் கவலை இல்லாமல் இருக்க முடிவதில்லை. மோட்டார் கொட்டகையில் உள்ள ஸ்டார்ட்டர், நீர்மூழ்கி மோட்டாருக்குச் செல்லும் கேபிளின் செம்புக் கம்பி, பட்டியில் அடைத்த ஆடுகள் ஆகியவை திருடர்களின் கண்ணில் படுபவை. இரவுக் காவலுக்கு ஆள் கிடைப்பது வரவர அரிதாகி வருகிறது.

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போரின் நிலை இன்னும் ஒரு படி சிக்கலானது. 1956-ல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா நிறுவனம், இரவும் பகலும் ஓயாமல் இயங்குவது. ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்பவரின் வீடு இரவில் பூட்டிக் கிடக்கலாம். அவருக்குச் சொந்த ஊரில் இரண்டு ஏக்கர் முந்திரிக் கொல்லையும் இருக்கலாம். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், நிலம் ஓரிடம் என்று இருப்பவருக்குக் கேமராவும், அதைக் கைபேசியில் பார்க்க உதவும் இணைய இணைப்பும் நல்ல துணை என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இணையத்தில் இணைக்காத கேமரா வீட்டுக்குள் இருக்கும் காவலாளி. இணையத்தில் இணைத்த கேமரா, வீட்டுக்கு வைத்த இன்னொரு வாசல். அந்த வாசலுக்குப் பூட்டுப் போடாமல் விட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். பூட்டுப் போடும் முறை கடினமானதன்று. அரை நாள் பொறுமையாக உட்கார்ந்தால் எவரும் செய்து முடிக்கக் கூடியதே.

கருவிகள் எவை?

கேமரா அமைப்பில் இப்போது மூன்று வகைகள் வழக்கத்தில் உள்ளன.

முதல் வகை, கேமராக்களிலிருந்து வரும் கம்பிகளை ஒரு பதிவுப் பெட்டியில் சேர்ப்பது. இந்தப் பெட்டியை டி.வி.ஆர். என்பார்கள். இதனுள் ஹார்டு டிஸ்க் இருக்கும். காட்சிகள் அதில் பதிவாகும். நீண்ட தூரக் கம்பிக்கு இது ஏற்றது. விலையும் குறைவு.

இரண்டாவது வகை, கணினி வலைக் கம்பியில் இயங்கும் ஐ.பி. கேமரா. இதன் பதிவுப் பெட்டிக்கு என்.வி.ஆர். என்று பெயர். ஒரே கம்பியில் மின்சாரமும் காட்சியும் செல்லும் வசதி இதில் உண்டு. ஆனால் இந்தக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தூரம் இருந்தால் இடையில் ஸ்விட்ச் பெட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது வகை, வைஃபையிலோ சிம் கார்டிலோ இயங்கும் தனிக் கேமரா. பதிவுப் பெட்டி வேண்டியதில்லை. உள்ளே செருகும் மெமரி கார்டிலேயே பதிவாகும். வாசலுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று என்று வைப்பவர்களுக்கு இது போதும். ஆனால் கேமராவையே திருடிச் சென்றால் பதிவும் சேர்ந்து போய்விடும் என்பது இதன் குறை. ஆகவே இதை ஆள் உயரத்துக்கு மேல், ஏணியில்லாமல் எட்டாத இடத்தில் பொருத்த வேண்டும்.

இணைக்கும் முறை

பதிவுப் பெட்டியை இணையத்தில் இணைப்பதைப் பின்வரும் வரிசையில் செய்யலாம்.

1. பதிவுப் பெட்டியின் பின்புறம் உள்ள வலைக் கம்பித் துளையிலிருந்து ஒரு கம்பியை வீட்டிலுள்ள இணைய ரவுட்டரின் துளைக்குக் கொண்டு சென்று செருக வேண்டும். ‘டிக்’ என்ற ஒலி வரும்வரை செருகினால்தான் இணைப்பு சரியாக இருக்கும். துளைக்கு அருகில் சிறு விளக்கு எரியும்.

2. பெட்டியை டி.வி.யுடனோ மானிட்டருடனோ இணைத்து, மெனுவில் நெட்வொர்க் என்ற பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே டி.எச்.சி.பி. என்பதை இயக்கினால் ரவுட்டர் தானாகவே பெட்டிக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் பெரும்பாலும் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள். எல்லாம் பூஜ்யமாக இருந்தால் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

3. அதே மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்று ஒரு பகுதி இருக்கும். அதை இயக்கினால் சிறிது நேரத்தில் ‘ஆன்லைன்’ என்று காட்டும். கூடவே கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியும் தெரியும்.

4. கருவியைத் தயாரித்த கம்பெனியின் செயலியை மட்டும் கைபேசியில் இறக்கி, வீட்டுக்காரர் தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, அந்தக் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும்.

5. கடைசியாக, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் காட்சி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையில் மட்டும் வந்து, வெளியே போனால் வராமலிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

நான்காவது படியில் பலர் ஏமாறுகிறார்கள். கேமரா பொருத்த வந்தவர் அவசரத்தில் தம் மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பல கருவிகள் முதலில் பதிந்த கணக்குக்கே உரிமையாகிவிடும். பிறகு அவர் ஊர் மாறிப் போனாலும், அவருடைய கைபேசியில் வீட்டுக்காரரின் வாசலும் கூடமும் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கூலி கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்து விடலாமா?

பழைய முறையில் கேமரா பொருத்தும் சிலர் போர்ட் ஃபார்வார்டிங் என்ற முறையைச் சொல்வார்கள். வெளியிலிருந்து வரும் எவரையும் நேராகப் பதிவுப் பெட்டிக்கு அனுப்பிவிடுமாறு ரவுட்டருக்கு உத்தரவிடுவதுதான் இது. தெருக்கதவைத் திறந்து வைத்து, பூட்டுள்ள பீரோவைத் திண்ணையில் போடுவதற்கு இது சமம். பீரோவின் பூட்டு நன்றாக இருக்கும்வரை தப்பிக்கலாம். ஆனால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் வந்து ஆட்டிப் பார்ப்பார்கள். இணையம் முழுவதும் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. அவற்றுக்கு நெய்வேலி என்றும் நியூயார்க் என்றும் வேறுபாடு கிடையாது.

மேலும், இம்முறை இப்போது பல இணைப்புகளில் வேலையே செய்வதில்லை. இணைய முகவரி எண்களுக்குப் பற்றாக்குறை இருப்பதால், கம்பெனிகள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பெரிய அலுவலகத்துக்கு ஒரே தொலைபேசி எண்ணும், உள்ளே ஒவ்வொரு மேஜைக்கும் இன்டர்காம் எண்ணும் இருப்பது போன்றதே இது. உள்ளே இருப்பவர் வெளியே பேசலாம். வெளியே இருப்பவர் குறிப்பிட்ட மேஜையை நேராக அழைக்க முடியாது. ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், அந்த இணைப்பு இவ்வாறு பகிரப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சிம் கார்டு இணைப்புகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

மேலே சொன்ன பி2பி முறையில் இந்தத் தொல்லை இல்லை. பதிவுப் பெட்டி தானே வெளியே சென்று கம்பெனியின் சர்வரில் ‘இதோ இருக்கிறேன்’ என்று பதிந்துகொள்கிறது. கைபேசியும் அதே சர்வரிடம் கேட்கிறது. சர்வர் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. வீட்டில் எந்தக் கதவையும் வெளியாருக்குத் திறந்து விட வேண்டியதில்லை. இதிலும் ஒரு குறை உண்டு. அந்தக் கம்பெனியை நம்பியாக வேண்டும். அதன் சர்வர் நின்றுபோனால் கைபேசியில் காட்சி வராது. ஆனால் பெட்டியில் பதிவு தொடர்ந்து நடக்கும். சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டில் இதுவே மேலானது. ஏற்கெனவே போர்ட் திறந்து வைத்திருப்பவர்கள் அதை மூடிவிட வேண்டும். ரவுட்டரில் யு.பி.என்.பி. என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுவது நல்லது. கேட்காமலேயே கதவைத் திறந்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

நடந்த இரு சம்பவங்கள்

இவையெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்கள் நடந்த சம்பவங்களைக் கவனிக்க வேண்டும்.

2016-ம் ஆண்டு ‘மிராய்’ என்ற கெடுநிரல் உலகெங்கும் பரவியது. அது முக்கியமாகத் தேடிச் சென்றது கேமராக்களையும், டி.வி.ஆர். பெட்டிகளையும், ரவுட்டர்களையும்தான். அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பும் சுமார் 60 பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. வாங்கியவர்கள் அவற்றை மாற்றாமல் விட்டிருந்ததால் லட்சக்கணக்கான கருவிகள் அதன் கைக்குள் போயின. அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி இத்தகைய கருவிகள் ஒன்றுசேர்ந்து அமெரிக்காவின் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் முடங்கின. வீட்டைக் காக்க வாங்கிய பெட்டி, சொந்தக்காரருக்குத் தெரியாமலே அடுத்தவரைத் தாக்கும் அடியாளாகிவிட்டது.

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே கசிந்து, யூடியூப், டெலிகிராம் வழியாகப் பரப்பப்பட்டு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று. பெண்களுக்குச் சிகிச்சை அளிக்கும் அறையின் காட்சிகள் அவை. போலீஸார் பலரைக் கைது செய்தனர். எளிதில் ஊகிக்கக் கூடிய கடவுச்சொல்லே அங்கு வழிவிட்டது என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. பாதுகாப்புக்காக வைத்த கருவியால் ஒரு பாவமும் அறியாத பெண்கள் தலைகுனிய நேர்ந்தது.

முதல் வேலை கடவுச்சொல்

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் மருந்து ஒன்றேயாகும். பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது.

கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகள் இருப்பது நல்லது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவே ஓர் எண்ணைப் போட்டால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. கைபேசி எண், வண்டி எண், பிறந்த தேதி, நிலத்தின் சர்வே எண், குவார்ட்டர்ஸ் எண் ஆகியவற்றை வைக்கக் கூடாது. ஊரில் பாதிப் பேருக்கு அவை தெரியும்.

பதிவுப் பெட்டிக்கு ஒன்று, ரவுட்டருக்கு ஒன்று, செயலிக் கணக்குக்கு ஒன்று என மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். அவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேலேயே காகிதம் ஒட்டி எழுதி வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போலாகும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள கியூ.ஆர். குறியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதும் கூடாது.

வெளியூரில் இருக்கும் மகனோ, தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளோ காட்சியைப் பார்க்க வேண்டுமானால், சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், செயலியில் உள்ள பகிரும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பதிவை அழிக்கவோ அமைப்பை மாற்றவோ அனுமதி தேவையில்லை. ஆள் வேலையை விட்டுப் போன அன்றே அனுமதியை நீக்கிவிட வேண்டும்.

கருவிக்குள் இருக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. கம்பெனிகள் அவற்றை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிடும். 3 மாதத்துக்கு ஒரு முறை மெனுவில் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தோப்புக்கு இணையம்

வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு இருக்கலாம். தோப்பில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

தோப்பு வீட்டிலிருந்து நேர் பார்வையில் இருந்தால், இரு முனைகளிலும் வயர்லெஸ் பிரிட்ஜ் என்ற சிறு ஆன்டெனாப் பெட்டிகளைக் கம்பத்தில் பொருத்தி வீட்டு இணையத்தையே கொண்டு செல்லலாம். இடையில் மரங்கள் இருக்கக் கூடாது. முந்திரியின் அடர்ந்த இலைகளில் உள்ள ஈரம் அலைகளை விழுங்கிவிடும். மாசியில் நன்றாக வேலை செய்த இணைப்பு, மழைக்காலத்தில் தழைத்த பின் நின்றுபோவதற்கு இதுவே காரணம். ஆகவே மரத் தலைக்கு மேல் உயரும் கம்பமாக நட வேண்டும்.

தூரம் அதிகமானால் சிம் கார்டு போடும் 4ஜி கேமராவே சிறந்தது. வாங்குவதற்கு முன், எந்தக் கம்பெனியின் சிக்னல் தோப்பில் நன்றாகக் கிடைக்கிறது என்பதைக் கைபேசியை வைத்துப் பார்த்துவிட வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் போதாது. கேமரா வைக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும்.

டேட்டாக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவின் முழுத் தரக் காட்சி நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் பார்க்க சுமார் 900 எம்.பி. செலவாகும். குறைந்த தரத்தில், நொடிக்கு அரை மெகாபிட் அளவில் பார்த்தால் சுமார் 225 எம்.பி. போதும். செயலியில் இந்தக் குறைந்த தரத்தையே வழக்கமாக வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் மட்டும் முழுத் தரத்துக்கு மாற்றலாம்.

பதிவுக்கும் இதே கணக்குதான். மேற்சொன்ன அளவில் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 22 ஜி.பி. இடம் வேண்டும். 4 கேமராக்கள் இடைவிடாமல் பதிந்தால் 1 டி.பி. டிஸ்க் 11 அல்லது 12 நாட்களில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியுமாறு வைத்தால் இன்னும் பல நாள் தாங்கும். திருட்டைப் பத்து நாள் கழித்துக் கவனிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியமானது.

மின்சாரமும் இடியும்

விவசாய இலவச மின் இணைப்பு பம்ப்செட்டுக்காகக் கொடுக்கப்படுவது. அதிலிருந்து வேறு உபயோகத்துக்கு மின்சாரம் எடுத்தால் நடவடிக்கைக்கு ஆளாக நேரிடும். மும்முனை மின்சாரமும் எல்லா நேரமும் இருப்பதில்லை. எனவே தோப்புக் கேமராவுக்குச் சிறு சோலார் பலகையும் பேட்டரியும் கொண்ட அமைப்பே உகந்தது. பலகையைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்வாக, நிழல் விழாத இடத்தில் வைக்க வேண்டும். மரங்கள் வளர வளர நிழல் மாறும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை கவனிக்க வேண்டும்.

வீட்டில் உள்ள ரவுட்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும் யு.பி.எஸ். அவசியம். மின்சாரம் நின்ற இருட்டிலேயே திருட்டு நடக்கிறது. கேமராவுக்கு மட்டும் பேட்டரி வைத்து ரவுட்டரை மறந்துவிட்டால் கைபேசிக்கு எந்தச் செய்தியும் வராது.

வெட்டவெளியில் நீண்ட செம்புக் கம்பி இழுத்தால் இடி மின்னல் காலத்தில் அதன் வழியே வரும் மின்னெழுச்சி கேமரா, பெட்டி, ரவுட்டர், டி.வி. எல்லாவற்றையும் ஒரே நொடியில் கருக்கிவிடும். கம்பத்துக்கு எர்த் போடுவதும், கம்பி வீட்டுக்குள் நுழையுமிடத்தில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வைப்பதும் தேவை. கண்ணாடி இழையோ வயர்லெஸ் பிரிட்ஜோ வைத்தால் வீட்டுக்கும் தோப்புக்கும் இடையே செம்புக் கம்பித் தொடர்பே இருக்காது. மின்னல் அதிகமுள்ள இடங்களில் இது நல்ல பாதுகாப்பு.

எதை நோக்கி வைப்பது?

தோப்பில் நுழைவாயில், மோட்டார் கொட்டகை, பட்டி ஆகிய மூன்றையும் பார்க்குமாறு வைத்தால் போதும். தோப்பு முழுவதையும் பார்க்க நினைத்தால் இலைகள் மட்டுமே தெரியும். நகரியத்தில் வாசலையும் பின்கட்டையும் பார்க்கலாம். படுக்கையறை, குளியலறைப் பக்கம் கேமரா கூடவே கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலோ முற்றமோ கோணத்துக்குள் வந்தால் திருப்பி வைக்க வேண்டும். பல கருவிகளில் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதியும் உண்டு. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்துப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றமாகும். கொட்டை பொறுக்க வரும் பெண்களிடம் கேமரா இருப்பதை முன்பே சொல்லிவிடுவது முறை. ‘கேமரா உள்ளது’ என்று பலகை வைத்தால் பாதித் திருடர்கள் அதைப் பார்த்தே திரும்பிவிடலாம்.

நகரியக் குடியிருப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. சுவரில் துளையிட்டுக் கம்பி இழுப்பதற்கு முன் நகர நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ வீட்டைக் காலி செய்யும்போது, கேமராவை விற்றாலும் இனாமாகக் கொடுத்தாலும், முதலில் செயலியிலிருந்து நீக்கி, கருவியைப் பழைய நிலைக்கு ரீசெட் செய்து, டிஸ்க்கை அழித்துவிட வேண்டும்.

வாங்கும்போது

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கண்காணிப்புக் கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிகளை 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அவை நடைமுறைக்கு வந்துள்ளன. இதன்படி கேமராவின் உள்மென்பொருளும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத கேமராவை வாங்காமல், பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, பில்லுடன் வாங்க வேண்டும். அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்றும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். வெளியே வைப்பதற்கு மழை, தூசி தாங்கும் ஐ.பி.66 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் வேண்டும்.

பராமரிப்பு

நெய்வேலிப் பகுதியில் காற்றில் வரும் தூசி கண்ணாடியிலும் சோலார் பலகையிலும் படியும். மாதம் இரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இரவில் கேமராவின் வெதுவெதுப்புக்கும் ஒளிக்கும் பூச்சிகள் வரும். அவற்றைத் தேடிச் சிலந்தி வலை பின்னும். வலை அசையும்போதெல்லாம் ‘ஆள் நடமாட்டம்’ என்று கைபேசி அலறும். பத்து முறை பொய்யாக அலறினால் பதினோராம் முறை உண்மையாக அலறும்போது எவரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். ஒட்டடைக் குச்சி ஒன்றைக் கேமராவுக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு மட்டும் எச்சரிக்கை செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கலாம்.

பெட்டியின் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளுமாறு வைத்து, இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் என்று குறித்தால் போதும். நேரம் தவறான பதிவு போலீஸில் குழப்பத்தையே உண்டாக்கும். திருட்டு நடந்துவிட்டால், அந்தப் பகுதியைப் பென்டிரைவில் உடனே நகல் எடுத்து, பெட்டியை மேற்கொண்டு தொடாமல் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவின்படி மின்னணுப் பதிவுடன் சான்றிதழும் இணைக்க வேண்டும். அதன் விவரத்தைக் காவல் நிலையத்தில் கேட்டறியலாம். கேமராக் காட்சி கசிந்ததாகச் சந்தேகம் ஏற்பட்டால், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஆள் துணையும் வேண்டும்

கேமரா பார்க்கும், சொல்லும். எழுந்து போய்த் திருடனைப் பிடிக்காது. சென்னையில் இருக்கும் மகனின் கைபேசியில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தோப்பில் ஆள் நடப்பது தெரிந்தாலும், ஊரில் யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் பயனில்லை. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் எண்ணைப் பகிர்ந்துகொண்டு, எச்சரிக்கை வந்தால் யார் யாரை அழைப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் தனியாக எவரும் போகக் கூடாது. 112 என்ற எண்ணையோ காவல் நிலையத்தையோ அழைத்துவிட்டு, பல பேராகச் சேர்ந்து விளக்குடன் போவதே பத்திரம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள ஊற்று நீரின் அழுத்தம் மேலே பொங்கிவிடாமல் இருக்க, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவு பகல் பாராமல் பம்புகள் ஓடிக்கொண்டிருப்பது இப்பகுதி மக்கள் அறிந்ததே. காவல் என்பது ஒரு நாள் வைத்துவிட்டு மறந்துவிடும் வேலையன்று என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேமராவும் அப்படித்தான். கடவுச்சொல்லை மாற்றி, வெளிக் கதவை மூடி, கண்ணாடியைத் துடைத்து, நேரத்தைச் சரிபார்த்து வந்தால், அடுத்த கொட்டைப் பருவத்துக்குள் வீட்டுக்கும் தோப்புக்கும் நம்பகமான ஒரு காவலைத் தயார் செய்துவிடலாம். பங்குனி பிறக்கும்வரை காத்திராமல் தை, மாசியிலேயே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.